மன்னனின் கைக்கு நீர் வார்த்த மயில்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் இன்று கிணற்றுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது, கூரை உயரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் தண்ணீர்த் தாங்கியாகும். மோட்டாரின் ஆளியை அழுத்தியதும் கிணற்று நீர் அதற்குள் ஏறுகின்றது. அங்கிருந்து குழாய் வழியே குளியலறைக்கும் சமையலறைக்கும் மலசலகூடத்துக்கும் இறங்குகின்றது. மலசலகூடத்தின் சிறு தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கின்றது. நீர் உயரும்போது தானும் உயர்ந்து, குறித்த மட்டம் வந்ததும் நீர் வரும் வழியை அது அடைத்துவிடும். அருகில் நின்று எவரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அது பழுதடையும் நாள்வரை அதனை நாம் நினைப்பதும் இல்லை.

நீரின் மட்டத்தைக் கொண்டே ஒரு வேலையைத் தொடக்கவும் நிறுத்தவும் முடியும் என்ற இந்த எண்ணத்தை, மனிதரின் கை கால் கழுவும் தேவைக்காக மிக நுட்பமாகப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல் ஜஸரி. யானைக் கடிகாரத்தைச் செய்தவர் என்ற வகையில் அவரது பெயரை எமது வாசகர்கள், குறிப்பாக முஸ்லிம் வாசகர்கள், அறிந்திருப்பர். டுபாயில் இப்னு பதூதாவின் பெயரால் அமைந்த வணிக வளாகத்தில் அக்கடிகாரத்தின் பெரிய மாதிரி ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. வளைகுடாவுக்குத் தொழில் தேடிச் சென்ற எம்மவர் பலர் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் அவரது நூலிலே கடிகாரங்களுக்கு அப்பால் ஒரு பகுதி இருக்கின்றது. கை கழுவும் கெண்டிகளையும் தட்டங்களையும் பற்றிய அப்பகுதியே எமது கவனத்தை ஈர்த்தது.

அவரது முழுப்பெயர் பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இப்னு இஸ்மாயீல் இப்னு அர் ரஸ்ஸாஸ் அல் ஜஸரி என்பதாகும். ரஸ்ஸாஸ் என்பது அரிசி வணிகரைக் குறிக்கும் சொல். முன்னோருள் எவரோ அத்தொழில் செய்திருக்கலாம். அல் ஜஸரி என்பது ஊர்ப்பெயர். தைகிரிஸ், யூப்பிரத்தீஸ் நதிகளுக்கு இடைப்பட்ட மேல்நிலத்தை அரபிகள் அல் ஜஸீரா என்று அழைத்தனர். தீவு என்பது அதன் பொருள். இரு நதிகள் சூழ்ந்தமையால் அப்பெயர். கடல் சூழ்ந்த குடாநாட்டில் இருந்து இதனை எழுதும் எமக்கு அப்பெயரின் மீது ஒரு தனி ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே. எனினும் அந்தத் தீவுக்கு இரண்டு பேராறுகள் இருந்தன. எமக்கு மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறும், சுண்ணாம்புக் கல்லின் கீழே தேங்கும் மழைநீருமே உண்டு.

அவரைப் பற்றி இன்று தெரிந்தவை பெரும்பாலும் அவரே தமது நூலின் முகவுரையில் சொன்னவைதாம். தைகிரிஸ் நதிக்கரையில், இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் ஆட்சிபுரிந்த அர்துக்கிய மன்னர்களிடம் அவர் பணியாற்றினார். ஹிஜ்ரி 570இல், அதாவது 1174ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணி தந்தைக்கும் அவரது இரு மைந்தர்களுக்குமாகத் தொடர்ந்தது. முதலில் நூருத்தீன் முஹம்மத், பின்னர் குத்புத்தீன் சுக்மான், இறுதியாக 1200இல் அரியணை ஏறிய நாஸிருத்தீன் மஹ்மூத். அர்துக்கியர் பேரரசர்கள் அல்லர். ஆமித் நகரை, அதாவது இன்றைய தியார்பகிரை, 1183இல் சுல்தான் ஸலாஹுத்தீன் கைப்பற்றி நூருத்தீனிடம் கையளித்தார். பெரிய வல்லரசின் நிழலில் வாழ்ந்த ஒரு சிற்றரசிலேயே அந்தப் பட்டறை இயங்கியது. கருங்கல் மதில் சூழ்ந்த அந்நகரின் அரண்மனைக்கு வெண்கலக் கதவொன்றையும் அவர் வார்த்துக் கொடுத்தார்.

அவர் செய்த பொருட்களைக் கண்டு வியந்த நாஸிருத்தீன், இவை அழிந்துபோகாதவாறு எழுதி வைக்குமாறு பணித்தார். அதன் விளைவாக எழுந்த நூலில் 50 பொறிகள் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நீர்க் கடிகாரங்களும் மெழுகுவர்த்திக் கடிகாரங்களும் முதற் பிரிவு. விருந்து மண்டபத்துப் பாத்திரங்கள் இரண்டாவது. குருதி வாங்கும் தட்டங்களும் கை கழுவும் கெண்டிகளும் மூன்றாவது. உருமாறும் நீரூற்றுகளும் தாமே இசைக்கும் குழல்களும் நான்காவது. நீர் இறைக்கும் பொறிகள் ஐந்தாவது. ஏனையவை ஆறாவது.

மூன்றாவது பிரிவின் பின்னால் ஒரு சிறு செய்தி உள்ளது. வுழூச் செய்யும்போது பணியாளனோ பணிப்பெண்ணோ அருகில் நின்று தமது கைக்கு நீர் வார்ப்பதை மன்னர் மஹ்மூத் விரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் தாமே நீர் வார்க்கும் ஒன்றைச் செய்து தருமாறு அவர் கேட்டதாக அல் ஜஸரி எழுதுகின்றார். ஏன் விரும்பவில்லை என்பதை அவர் விளக்கவில்லை. தக்க காரணமின்றி வுழூவில் பிறர் உதவியை நாடாதிருத்தல் சிறந்தது என்பது எம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட மரபு கூறும் கருத்தாகும். மன்னரின் மனதில் அத்தகைய எண்ணம் இருந்திருக்கலாம். தனிமை வேண்டியிருக்கலாம். அல்லது இறைவன் முன் நிற்கப்போகும் வேளையிலும் இன்னொரு மனிதன் தம் முன் குனிந்து நிற்பது உறுத்தியிருக்கலாம். நாம் கடைசிக் காரணத்தையே விரும்புகின்றோம். அது எமது விருப்பமேயன்றி வரலாறன்று.

அவர் செய்து கொடுத்தவற்றுள் ஒன்று நிற்கும் பணியாளனின் உருவம். வலக்கையில் கெண்டி, இடக்கையில் துவாய், சீப்பு, கண்ணாடி. உள்ளே நீர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இறங்கும்போது அங்கிருந்த காற்று வெளியே தள்ளப்பட்டு ஒரு சீழ்க்கைக் குழல் வழியாகச் செல்லும். கெண்டியின் மேலிருக்கும் பறவை கூவுவதுபோல் கேட்கும். பின்னர் கெண்டியிலிருந்து நீர் விழத் தொடங்கும். கழுவி முடியும் தறுவாயில் இடக்கை தானே தாழ்ந்து துவாயை நீட்டும்.

இன்னொன்று மயில். இதுவே அப்பிரிவின் மணிமுடி என்போம். மயிலின் வாலில் உள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து நீர் வழியும். கழுவிய அழுக்கு நீர் கீழேயுள்ள தட்டத்தின் வழியாக அடிப்பாகத்திலுள்ள வெற்றறைக்குள் இறங்கும். அங்கே ஒரு மிதவை. நீர் ஓரளவு சேர்ந்ததும் அது மேலெழுந்து இணைப்புக் கம்பியை உந்த, மயிலின் கீழேயுள்ள சிறு கதவு திறந்து ஒரு பணியாளன் சவர்க்காரத்துக்கு நிகரான கழுவு தூளுடன் வெளியே வருவான். மேலும் நீர் சேர, சற்று உயரத்தில் உள்ள இரண்டாவது மிதவை எழும். இப்போது இன்னொரு கதவு திறந்து இன்னொரு பணியாளன் துவாயுடன் வருவான். கழுவுபவர் பயன்படுத்திய நீரின் அளவே, அடுத்து அவருக்கு என்ன தேவை என்பதைப் பொறிக்குச் சொல்லிக் கொடுக்கின்றது. இதன் அழகு அதன் இறகுகளில் இல்லை, இந்தக் கணக்கிலேயே உள்ளது. இன்றைய சலவை இயந்திரமும் தனக்குள் நீர் எவ்வளவு சேர்ந்தது என்பதை அறிந்தே அடுத்த வேலைக்குச் செல்கின்றது. (சவர்க்காரமே கிடைக்காத 1990களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த எமது வீடுகளில், கதவைத் திறந்து அதை நீட்டும் பணியாளன் ஒருவன் வந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.)

குருதி வாங்கும் தட்டங்களும் இதே அறிவின் கிளைகளே. தட்டத்தில் குருதி சேரச் சேர, மேலே அமர்ந்திருக்கும் எழுத்தர் உருவம் மெல்லத் திரும்பித் தன் எழுதுகோலால் எத்தனை திர்ஹம் எடையுள்ள குருதி வெளியேறியது என்பதைச் சுட்டிக் காட்டும். நோயாளியின் உயிர் அந்தக் கணக்கில் தங்கியிருந்தது. மருத்துவரின் கண்மதிப்பை நம்பியிருக்க வேண்டிய தேவையை அது குறைத்தது.

இங்கே நாம் சற்று எமது மண்ணுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. கைக்கு ஒருவர் நீர் வார்ப்பது என்ற செயலுக்கு யாழ்ப்பாணத்தில் வேறொரு வரலாறும் உண்டு. ஆமித்தின் மன்னர் தமக்கு ஒருவர் நீர் வார்ப்பதை விரும்பவில்லை. குடாநாட்டிலோ, ஒடுக்கப்பட்ட சாதியினர் என ஒதுக்கப்பட்டோர் நல்ல தண்ணீர்க் கிணற்றின் கட்டைத் தொடவும் இயலாது, எவராவது வந்து அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்றனர். தாகத்துக்கு நீர் கேட்டவர்க்கு மேலிருந்து ஊற்றப்பட்டது. அவர்கள் கையை ஏந்திக் குடித்தனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை என்பதை இம்மண்ணில் வாழ்ந்தவர் அறிவர். ஒரே செயல், வார்ப்பவர் யார், ஏந்துபவர் யார் என்பதைப் பொறுத்து அது பணிவிடையாகவும் இருந்தது, இழிவாகவும் இருந்தது. துப்புரவு என்ற சொல்லைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சமூகமே, விடியுமுன் வாளி மலசலகூடங்களைத் துப்புரவு செய்துவிட்டுப் போன நகரசுத்தித் தொழிலாளருக்குத் தன் கிணற்றடியில் கை கழுவ இடங்கொடுக்கவில்லை. துப்புரவின் சுமையை யார் தலையில் வைக்கின்றோம் என்ற கேள்வி இல்லாமல் கழுவும் பொறிகளின் வரலாற்றை நாம் படிக்க முடியாது.

அந்தக் கேள்வியை அல் ஜஸரியிடமும் கேட்டே ஆகவேண்டும். மன்னரின் முன்னிருந்து பணியாளனை அவர் அகற்றினார். ஆனால் பணியாளனின் உருவத்தை அகற்றவில்லை. செம்பிலும் தாளிலும் செய்து வண்ணந்தீட்டிய அடிமையொருவன் தொடர்ந்து துவாயை நீட்டிக்கொண்டுதான் இருந்தான். அடிமை முறை நிலவிய காலத்தின் மனிதர் அவர். அவரது கற்பனையும் அந்தக் காலத்தின் எல்லைக்குள்ளேயே நின்றது. அத்துடன் மயிலின் வயிற்றை ஒவ்வொரு தடவையும் நிரப்பியது யார்? அழுக்கு நீரை வெளியேற்றியது யார்? நூலில் அவர்களுக்குப் பெயர் இல்லை. உழைப்பு மறைந்துவிடவில்லை, கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்தது. இவ்வாறு சொல்வது அவரது மேதைமையைக் குறைப்பதாகாது. நாமும் குழாயைத் திருப்பும்போது நகரசுத்தித் தொழிலாளியை நினைப்பதில்லை.

மற்றொன்றையும் சொல்லிவைப்போம். அண்மைக் காலங்களில் அல் ஜஸரியைப் பற்றிப் பரவும் சில குறிப்புகள் இன்றைய மலசலகூடத் தொட்டி முதல் இயந்திர மனிதன் வரை அனைத்தையும் அவர் ஒருவரின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன. பெருமிதத்தால் எழும் இந்த மிகை அவருக்கு நன்மை செய்வதில்லை. கை கழுவ நீர் தரும் தானியங்கிப் பொறியொன்றைக் கிரேக்கரான ஃபிலோ கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே விவரித்திருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் நூதனப் பொறிகள் பற்றி நூலொன்று எழுதினர். முன்னோருக்குத் தாம் பட்ட கடனை அல் ஜஸரியே மறைக்கவில்லை. முன்னோர் எழுதியவற்றுள் பலவற்றை எவரும் செய்து பார்க்கவில்லை என்பதே அவரது குறை. செய்து பார்த்துச் சரி காணாத கைத்தொழில் அறிவு உண்மைக்கும் பொய்க்கும் இடையில் ஊசலாடும் என்பது அவரது கருத்து.

ஆகவே அவர் கம்மாளரின் மொழியில் எழுதினார். தகட்டின் தடிப்பு எவ்வளவு, எந்த இடத்தில் பற்றுவைக்க வேண்டும், துளையின் அளவை எவ்வாறு சரிபார்ப்பது, வால்வு நீர் கசியாதவாறு பொருந்த அதன் இரு முகங்களையும் குருந்தக்கல் தூளிட்டு எவ்வாறு உரைப்பது என்பனவெல்லாம் அதில் உள்ளன. மரம் கோணாதிருக்கப் பல பலகைகளை ஒட்டிச் சேர்க்கும் முறையும், ஈரமணல் நிரப்பிய பெட்டிகளில் உலோகத்தை வார்க்கும் முறையும் உள்ளன. பெரிய பொறியைச் செய்யுமுன் அதன் வடிவைத் தாளில் செய்து பார்த்தவர் அவர். தொழில் இரகசியங்களை மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே காதோடு சொல்லிச் சென்ற உலகில் இது சிறிய காரியமன்று. பொறியியலாளரும் அறிஞருமான டொனால்ட் ஹில் 1974இல் இந்நூலை ஆங்கிலத்தில் முழுமையாகத் தந்தார். 1976இல் லண்டனில் நடைபெற்ற இஸ்லாமிய உலக விழாவையொட்டி, அந்த எழுத்தை வைத்துக்கொண்டே அவரது பெரிய நீர்க் கடிகாரமொன்றைச் செய்து இயக்கிக் காட்டினர். 1979இல் அஹ்மத் யூசுப் அல் ஹஸன் அரபு மூலத்தைச் செம்மையாகப் பதிப்பித்து அலெப்போவில் வெளியிட்டார்.

எமது மண்ணின் கண்ணோடு பார்க்கும்போது, அவரது நூலின் மிகப் பெறுமதியான பகுதி மயிலைப் பற்றியதன்று, ஐந்தாவது பிரிவே. அதில் ஐந்து பொறிகள் மட்டுமே உள்ளன. மன்னரின் கைகளுக்கும் குருதிக்கும் பத்து, கிண்ணங்களுக்குப் பத்து, நீர் இறைப்பதற்கு ஐந்து என்ற பங்கீடு அரண்மனையின் பங்கீடு. அந்த ஐந்தினுள் முதலாவது, நுனியில் அகப்பை பொருத்திய நீண்ட பீலி மரமொன்றைப் பல்சக்கரத்தின் உதவியால் தாழ்த்தி உயர்த்துவது. விலங்கு சுற்றிவர, அகப்பை நீரில் அமிழ்ந்து எழும். நீர் பீலி வழியே ஓடி வாய்க்காலில் விழும். எமது துலாவுக்கு இது தூரத்து உறவு. புகையிலைத் தோட்டங்களில் இருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, விடியும் முன்னரே இறைப்புத் தொடங்கிவிடும். கால் தவறியவர் கிணற்றுக்குள் விழுந்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய பின்னரே அந்த நடை ஓய்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் அரிதானபோது மீண்டும் கைகளாலும் கால்களாலும் இறைத்தோம்.

மூன்றாவது பொறியில் ஒரு வேடிக்கை உண்டு. மரத்தாற் செய்த பசுவொன்று சுற்றிச் சுற்றி வந்து நீர் இறைப்பதுபோலத் தோன்றும். உண்மையில் கீழே மறைந்திருக்கும் நீர்ச்சக்கரமே பசுவையும் சுற்றுவித்து நீரையும் ஏற்றுகின்றது. நான்காவதில் சுழலும் அசைவை மேல் கீழ் அசைவாக மாற்றும் வளைதண்டு வருகின்றது. மோட்டார் திருத்துவோர் கிராங் என்று சொல்வது இதைத்தான். ஐந்தாவதோ இரட்டை உருளைப் பம்பி. ஆற்றின் ஓட்டத்தில் சக்கரம் சுழல, எதிரெதிராக அமைந்த இரு முசலங்கள் மாறி மாறி அசையும். ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றது மேலே தள்ளும். கசிவைத் தடுக்க முசலத்தில் சணல் சுற்றப்பட்டிருந்தது. உறிஞ்சு குழாய், வால்வு, மாறி மாறி இயங்கும் இரட்டை முசலம் ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த அமைப்பைப் பார்க்கும் எந்தத் தோட்டக்காரருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அடிமை உருவம் எதுவும் அதில் இல்லை. மயிலும் இல்லை. ஆறு சுழற்றுகின்றது, வயலுக்கு நீர் ஏறுகின்றது.

கழுவுதல் என்பது நீர் இருந்தால்தான். யாழ்ப்பாணச் சோனகத் தெருவின் பள்ளிவாசல்களில் தொழுகையாளர் சுற்றி அமர்ந்து, எவரும் எவருக்கும் வார்க்காமல், ஒரே நீரில் வுழூச் செய்யும் ஹவுழ்கள் இருந்தன. செல்வரும் கூலியாளரும் ஒரே விளிம்பில் அமரும் அந்தத் தடாகமே, மயிலைவிட எளிய, மயிலைவிட நேர்மையான பதில் என்று எமக்குத் தோன்றுகின்றது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் வீடுகளில் இருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் மணித்தியாலக் கணக்கிலானது. அதன்பின் அந்தத் தடாகங்களின் ஓரத்தில் அமர ஆளில்லை. போர் முடிந்த 2009இற்குப் பின் திரும்பியோர் கூரையிழந்த வீடுகளையும் தூர்ந்த கிணறுகளையும் கண்டனர். தமிழ் வாசகர்களாகிய நாம் எமது ஊர்க் கிணறுகளின் கதையைச் சொல்லும்போது இதனையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அல் ஜஸரி 1206 ஜனவரியில் தமது நூலை எழுதி முடித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் முஹம்மத் இப்னு யூசுப் இப்னு உஸ்மான் அல் ஹஸ்கஃபி என்பவர் அதனைப் பிரதி செய்து முடித்தபோது, ஆசிரியருக்காக இறைவனின் கருணையை வேண்டும் வாசகத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட மூன்று மாதங்களுக்குள் அவர் மறைந்துவிட்டார் என்பதை அதனாலேயே அறிகின்றோம். அந்தப் பிரதி இன்று இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையின் நூற்சேகரத்தில் பேணப்படுகின்றது. பிரதி செய்தவரின் பெயரிலுள்ள ஊர், ஆமித் கைக்கு வருமுன் அர்துக்கியரின் இருப்பிடமாக விளங்கிய ஹஸன்கைஃப். தைகிரிஸ் நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட இலிசு அணையின் நீர் 2020ஆம் ஆண்டில் அந்தப் பழைய நகரின் தெருக்களை மூடியது. அங்கிருந்த மக்கள் மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்ட புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தனர்.